காம்போசிட் டெக் பலகை: வண்ண அட்டைக்கு முன் வெட்டுமுனையைப் பாருங்கள்

வெயிலும் மழையும் நேராக விழுகிற இடத்தில் நடக்கவும் உட்காரவும் ஒரு தளம் போட நினைப்பவர்களில் பலர், மரத்தை ஆண்டுதோறும் தேய்த்து எண்ணெய் பூசுகிற வேலைக்கு அஞ்சியே, மரத்துக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் கலந்து வார்க்கப்படும் காம்போசிட் பலகையைத் தேடி வருகிறார்கள். குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. காம்போசிட் என்ற ஒரே பெயரில் விற்கப்படுகிற பலகைகள் உள்ளுக்குள் வெவ்வேறு பொருட்களால் ஆனவை. விற்பவர் முதலில் நீட்டுகிற வண்ண அட்டை அந்த வேறுபாடுகளை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. பல வகைப் பலகைகளின் மாதிரித் துண்டுகளை அறுத்தும், நனைத்தும், வெயிலில் போட்டும் ஒப்பிட்டுப் பார்த்தபின் எழுதுகிற மதிப்பீடு இது. எந்தப் பலகையானாலும் அதன் வெட்டுமுனையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும் என்பதே என் முடிவு.

இந்தப் பொருளின் வரலாறு அதன் குறைகளைப் புரிந்துகொள்ள உதவுகிறது. மரத்தூளையும் பழைய பிளாஸ்டிக் பைகளையும் கலந்து உருக்கிப் பலகையாக வார்க்கிற தொழில் அமெரிக்காவில் 1990களில் வளர்ந்தது; மொபில் நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்ததை அதன் மேலாளர்களே வாங்கி 1996ல் ட்ரெக்ஸ் என்ற தனி நிறுவனமாக்கினார்கள். குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய மரத்தை வீட்டு உபயோகத்துக்குத் தருவதை அந்நாட்டு உற்பத்தியாளர்கள் 2003ஆம் ஆண்டு முடிவில் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டது காம்போசிட்டுக்கு மேலும் இடம் தந்தது. ஆனால் அந்தக் காலத்துப் பலகைகளுக்கு மேலுறை கிடையாது. மரத்தூள் மேற்பரப்பிலேயே திறந்து கிடந்ததால் தண்ணீர் ஊறியது, கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படிந்தது, எண்ணெய் சிந்தினால் கறை உள்ளே இறங்கிவிட்டது, சில பருவங்களுக்குள் வண்ணம் வெளிறி நரைத்தது. காம்போசிட்டைப் பற்றி இன்றும் உலவுகிற குறைகளில் பெரும்பகுதி அந்த முதல் தலைமுறைப் பலகைகளைப் பார்த்தவர்கள் சொன்னவை. 2010ஐ ஒட்டி, பலகை வார்க்கப்படும்போதே அதன்மேல் மரம் கலக்காத பிளாஸ்டிக் உறையையும் சேர்த்து வார்க்கிற முறை பரவியபின் நிலைமை பெருமளவு மாறியது. மேலுறை இல்லாத பலகைகள் மலிவு விலையில் இன்னும் கிடைக்கத்தான் செய்கின்றன. விலையைத் தவிர அவற்றை வாங்க வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதிரித் துண்டைக் கையில் எடுத்து அறுத்த முனையை வெளிச்சத்தில் பிடித்தால் இந்தக் கதை முழுவதும் அங்கே தெரியும். நடுவில் மங்கிய பழுப்பில், சொரசொரப்பாக, இடையிடையே மர இழைகள் மின்னுகிற உட்பகுதி. அதைச் சுற்றி நகத்தின் தடிமனுக்கு மேற்படாத, சீரான நிறமுடைய உறை. கவனிக்க வேண்டியது அந்த உறை எத்தனை பக்கங்களில் இருக்கிறது என்பதுதான். நல்ல பலகையில் அது நான்கு பக்கங்களையும் சுற்றி வந்து, கிளிப் மாட்டுவதற்காக விளிம்பில் வெட்டப்பட்ட காடிக்குள்ளும் ஓரளவு இறங்கியிருக்கும். விலை குறைந்தவற்றில் மேலேயும் இரு பக்கங்களிலும் மட்டும் உறை இருக்கும். அடிப்புறம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். தரையிலிருந்து நன்றாக உயர்த்தப்பட்டு, அடியில் காற்று தாராளமாக ஓடுகிற தளத்துக்கு மூன்று பக்க உறை போதும் என்று உற்பத்தியாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டுத் தளங்களில் பெரும்பாலானவை ஒரு சாணோ இரண்டு சாணோ உயரத்தில்தான் அமைகின்றன. மண்ணின் ஈரம் மேலே எழும்பி உறையில்லாத அடிப்புறத்தைத் தொடர்ந்து நனைக்க, மேற்புறம் வெயிலில் காயும்போது, பலகை குழிந்து வளைய இடம் ஏற்படுகிறது. தரைக்கு அருகில் போடுகிறவர்கள் நான்கு பக்க உறையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

உறை முக்கியம் என்றாலும் அதையே முழுமையாக நம்பிவிடவும் கூடாது. பலகையை அறுக்கிற ஒவ்வொரு இடத்திலும், திருகாணி இறங்குகிற ஒவ்வொரு துளையிலும் உட்பகுதி வெளியே தெரியத்தான் போகிறது. அதனால் உட்பகுதியின் தரம் தனியாகப் பார்க்கப்பட வேண்டிய விஷயம். மரத்தூளின் ஒவ்வொரு துகளையும் பிளாஸ்டிக் முழுமையாகச் சூழ்ந்திருந்தால் தண்ணீர் நுழைய வழி இல்லை. அவசரமாகக் கலக்கப்பட்டிருந்தால் துகளிலிருந்து துகளுக்கு ஈரம் பரவும். மாய்ஸ்சர்ஷீல்டு நிறுவனம் தன் பலகைகளைத் தரையோடு ஒட்டியும், நீருக்குள்ளும்கூடப் போடலாம் என்று அனுமதிப்பது இந்த உட்பகுதியின் பலத்தில்தான்; மற்ற பெரும்பாலான நிறுவனங்கள் அப்படிச் சொல்வதில்லை. வீட்டிலேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு முனைகளும் அறுபட்ட சிறு துண்டைத் துல்லியமான தராசில் நிறுத்து, சில வாரங்கள் தண்ணீரில் மூழ்க வைத்து, துடைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். முனையின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 15534 இதே முறையில் 28 நாட்கள் மூழ்கவைத்துத்தான் பலகையின் உப்பலை அளக்கிறது. வாங்கும்போது அந்தத் தரநிலையோ, அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் டி7032வோ பொருளின் தாளில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று கேட்பது நல்லது. பதில் வராவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

உட்பகுதியில் சேர்க்கப்படுகிற பிளாஸ்டிக்கைப் பொறுத்தும் வகைகள் பிரிகின்றன. பரவலாகக் கிடைப்பது பாலிஎத்திலீனும் மரத்தூளும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி கலந்தது. கனமானது, அழுத்தமாக மிதிபடுவது, நடக்கும்போது மரத்தின் உணர்வுக்கு அருகில் வருவது. இன்னொரு முனையில் மரமே கலக்காத பிவிசி பலகை இருக்கிறது. நுண்ணிய நுரைபோல் வார்க்கப்படுவதால் எடை மிகக் குறைவு. ஒரே ஆள் நீளமான பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம். பூஞ்சைக்கு உணவாக அதில் எதுவும் இல்லை, எனவே நிழலும் ஈரமும் நிறைந்த இடத்துக்கும் நீச்சல் குளத்தின் ஓரத்துக்கும் அதுதான் பொருத்தம். குறை என்னவென்றால், வெப்பத்தில் அதிகம் நீள்கிறது, காலடியில் சற்று வெற்றொலி எழுப்புகிறது, சில வண்ணங்களில் பார்த்த உடனே பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடுகிறது. டிம்பர்டெக் நிறுவனம் காம்போசிட், பிவிசி என்ற இரு வரிசைகளையும் ஒரே பெயரில் விற்பதால், பெயரைப் பார்த்து மட்டும் வாங்குகிறவர் எதை வாங்கினோம் என்று தெரியாமலே திரும்பக்கூடும். மூன்றாவது வகையில் மரத்தூளுக்குப் பதிலாகத் தாதுப்பொடி சேர்க்கப்படுகிறது. டெக்கரேட்டர்ஸ் நிறுவனத்தின் சில வரிசைகள் இப்படிப்பட்டவை. ஈரத்தாலும் வெப்பத்தாலும் மிகக் குறைவாக அசைகிற வகை இதுதான். நீண்ட பலகைகளை இணைப்பின்றி ஓட்ட வேண்டிய தளத்துக்கு இதை நான் முதலில் பரிசீலிப்பேன்.

குறுக்குவெட்டின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே குழாய்போல் துளைகள் ஓடுகிற பலகை எடையும் விலையும் குறைந்தது. ஆனால் முனைமூடிகள் கழன்றுவிட்டால் துளைகளுக்குள் தண்ணீர் தேங்கும், பூச்சிகள் குடியேறும், கனமான தொட்டி ஒன்று விழுந்தால் மேற்புறம் உடைந்து உள்ளே போகும். அடிப்புறம் மட்டும் வாய்க்கால்போல் குடையப்பட்ட பலகை நடுத்தரம். முழுவதும் கெட்டியான பலகையே வீட்டுக்கு ஏற்றது.

வெப்பம்தான் இந்தப் பொருளின் பெரிய சோதனை. விளம்பரங்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் அதைப் பற்றித்தான். ஒரே வரிசையில் கருஞ்சாம்பல், நடுப்பழுப்பு, வெளிர்மணல் ஆகிய மூன்று வண்ணத் துண்டுகளை உச்சிவெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிறிது நேரம் கழித்து உள்ளங்கையை ஒவ்வொன்றின் மீதும் அழுத்திப் பார்த்தால் போதும்: வெளிர்மணலில் கையை வைத்திருக்க முடிகிறது, கருஞ்சாம்பலிலிருந்து கை தானாக விலகிக்கொள்கிறது. வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகளும் வளர்ப்பு நாயும் இருக்கிற வீட்டில், நிழலில்லாத தளத்துக்குக் கருமையான வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு என்று தயங்காமல் சொல்வேன். குளிர்ச்சியானது என்று விளம்பரப்படுத்தப்படும் வரிசைகளில் சூரியக் கதிர்களைத் திருப்பியனுப்புகிற நிறமிகள் சேர்க்கப்படுகின்றன. அதே கருமையுடைய சாதாரணப் பலகையோடு ஒப்பிடும்போது வேறுபாடு இருக்கிறது, ஆனால் வெளிர் வண்ணத்தை அது எட்டுவதில்லை. ஒரே வண்ணத்தில் வைத்துப் பார்த்தால், அடர்த்தி மிகுந்த காம்போசிட் மரத்தைவிடக் கூடுதலாகச் சுடுகிறது.

சூடு காலை மட்டும் பாதிப்பதில்லை. மரம் நீளவாட்டில் வெப்பத்தால் அசைவது மிகக் குறைவு. பாலிஎத்திலீன் கலந்த பலகையோ அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு அசைகிறது. 5 மீட்டர் நீளப் பலகை, அதிகாலைக் குளிருக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே 30 டிகிரி வெப்ப வேறுபாட்டைச் சந்தித்தால், அதன் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர் மாறும் என்று கணக்கிடலாம். இந்த அசைவுக்கு இடம் விடாமல் முனையோடு முனை நெருக்கிப் போட்ட தளத்தில், கோடையில் பலகைகள் ஒன்றையொன்று தள்ளி நடுவில் மேலெழும்பும்; நடுவெயிலில் சூடாக இருக்கும்போது அறுத்துப் பொருத்திய தளத்தில், குளிர்காலத்தில் இணைப்புகள் வாய் பிளந்து நிற்கும். பலகை பொருத்தப்படும் நேரத்து வெப்பநிலையைப் பொறுத்து எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற அட்டவணையை ஒவ்வொரு நிறுவனமும் தன் பொருத்தல் கையேட்டில் தருகிறது. அந்த அட்டவணையைப் பார்த்து வேலை செய்கிறாரா என்பதுதான் தளம் போடுகிறவரைத் தேர்ந்தெடுக்க நான் பயன்படுத்துகிற முதல் அளவுகோல். மர வேலையில் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், இது தச்சுப் பழக்கத்தால் மட்டும் வருகிற அறிவு இல்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஆபத்து, வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிச் சன்னல்கள். அவற்றிலிருந்து எதிரொளித்துக் குவிகிற வெயில், பலகையின் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் மென்மையாகும் அளவுக்குச் சூடாக்கி நெளியச் செய்துவிடக்கூடும். பெரும்பாலான உத்தரவாதப் பத்திரங்கள் இதை வெளிப்படையாக விலக்கிவிடுகின்றன. தளத்தைப் பார்த்தபடி அப்படிப்பட்ட பெரிய சன்னல் இருந்தால், பகலில் கண்ணாடியின் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதைப் பலகை வாங்குவதற்கு முன்பே கவனித்துவிடுங்கள். தீயைப் பொறுத்தவரை, கரி அடுப்பிலிருந்து விழுகிற ஒரு கனல் துண்டே உறையை உருக்கிக் குழி போட்டுவிடும்; அந்தக் குழியைத் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை, பலகையையே மாற்ற வேண்டியதுதான்.

வழுக்கலைப் பற்றிய கவலையும் நியாயமானதே. ஊசலின் ரப்பர் முனையைப் பரப்பில் உரசவிட்டு வழுக்கலை அளக்கிற ஊசல் சோதனை என்ற முறையில் 36 அல்லது அதற்கு மேல் மதிப்பு பெற்றால் வழுக்கும் வாய்ப்பு குறைவு என்று கொள்ளப்படுகிறது. ஈரமான நிலையில் சோதித்த எண்ணைக் கேளுங்கள், உலர்ந்த நிலையின் எண்ணால் பயனில்லை. ஆழமான மரவரிகள் பொறிக்கப்பட்ட மேற்பரப்பு காலைப் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றினாலும், அந்த வரிகளிலேயே தூசியும் மகரந்தமும் தங்கி, ஈரத்தில் பாசி பிடித்தால் எந்தப் பலகையும் வழுக்கும். மேலுறை வந்தபின் பூஞ்சை முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று விற்பவர்கள் சொல்வதைச் சிறிது தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும்: பலகையை அது தின்பதில்லை, பலகையின் மேல் படிந்த அழுக்கைத் தின்று வாழ்கிறது. பராமரிப்பே தேவையில்லை என்ற வாக்குறுதிக்கு, எண்ணெயும் சாயமும் பூச வேண்டாம் என்பதுதான் சரியான பொருள். சோப்புத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு அவ்வப்போது கழுவத்தான் வேண்டும். இடுக்குகளில் சேர்கிற சருகையும் நீக்க வேண்டும். உயர் அழுத்த நீர்ப்பீச்சியை அருகில் பிடித்தால் உறை கீறிவிடும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடியை நீண்ட நாள் ஒரே இடத்தில் போட்டுவைத்தால், அதிலுள்ள வேதிப்பொருட்கள் உறையோடு வினைபுரிந்து, கழுவினாலும் போகாத நிறமாற்றத்தை உண்டாக்கும். காற்று வறண்ட நாட்களில் தளத்தில் நடந்துவிட்டு உலோகக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று மின்னூட்டம் பாய்வதும் உண்டு. தீங்கில்லை, முன்கூட்டி யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்லிவைக்கிறேன்.

பலகைக்கு இவ்வளவு பேசிவிட்டு அடிச்சட்டத்தை மறந்துவிட முடியாது. காம்போசிட் பலகைக்கு எடையைத் தாங்கும் கட்டுமான வலிமை கிடையாது. அதைத் தாங்கு சட்டமாகவோ தூணாகவோ பயன்படுத்தக்கூடாது. எனவே 25 ஆண்டு உத்தரவாதமுள்ள பலகை, பத்தாண்டுகளில் மட்கிப்போகிற மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற காட்சியைப் பல வீடுகளில் காணலாம். மருந்தேற்றிய மரச்சட்டமானால், தண்ணீர் தேங்குகிற மேல்விளிம்பில் தண்ணீர் புகவிடாத பியூட்டைல் ஒட்டுநாடாவை ஒட்டிவிடுவது சிறிய செலவில் பெரிய பாதுகாப்பு. அலுமினியமோ துத்தநாகம் பூசிய எஃகோ இன்னும் நல்லது. அவை வளையாமல் நேராகவே இருப்பதால் தளமும் சமமாக அமையும். சட்டங்களுக்கு இடையிலான தூரம் நேர்ப்பலகைக்குப் பொதுவாக 400 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது; பலகையைச் சட்டங்களுக்கு மூலைவாட்டில் போட்டாலும், படிக்கட்டிலும், 300 மில்லிமீட்டராகக் குறைக்க வேண்டும். இதில் மிச்சம் பிடித்தால் கோடையில் பலகை சட்டங்களுக்கு நடுவே தொய்வது கண்ணுக்கே தெரியும். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், பலகையில் ஒரு படி இறங்கி, அடிச்சட்டத்தைக் குறைக்காமல் விடுங்கள்.

பலகைகளின் பக்க விளிம்பில் ஓடுகிற காடிக்குள் நுழைந்து அவற்றைப் பிடித்துக்கொள்கிற மறைகிளிப்புகள் பார்வைக்கு அழகானவை. 5 அல்லது 6 மில்லிமீட்டர் இடைவெளியையும் தாமே அமைத்துக்கொடுத்துவிடுகின்றன. மேலிருந்து திருகாணி இறக்கினால் அதைச் சுற்றிக் காளான்போல் சிறு மேடு எழும்பலாம். காம்போசிட்டுக்கென்றே செய்யப்பட்ட திருகாணிகள் அதைத் தவிர்க்கின்றன. இருந்தாலும் தளத்தின் வெளியோரப் பலகைக்குக் காடியில்லாத நேர்விளிம்புப் பலகையையே கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காடி வெளியே தெரிந்து முழு வேலையையும் கெடுத்துவிடும்.

உத்தரவாதத்தை எண்ணிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள். 25 ஆண்டு முதல் 50 ஆண்டு வரை வாக்களிக்கிறார்கள். ஆனால் பல பத்திரங்களில், காலம் செல்லச் செல்ல ஈடுசெய்யும் தொகை படிப்படியாகக் குறைகிறது. பழைய பலகையைக் கழற்றிப் புதியதைப் போடுகிற கூலி சேர்வதில்லை. வண்ணம் வெளிறுவதற்கும் கருவியால் அளக்கப்படுகிற ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள்; கண்ணுக்குத் தெரிந்த ஒவ்வொரு மங்கலும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. நிறுவனம் சொன்னபடி இடைவெளியும் காற்றோட்டமும் விடப்படவில்லை என்று காட்டப்பட்டால் மொத்தமும் செல்லாது. ஆகவே பொருத்தல் கையேட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். வேலை நடக்கும்போது, மூடப்படுவதற்கு முன் அடிச்சட்டத்தைப் புகைப்படம் எடுத்துவைப்பது பின்னால் உதவும்.

சுற்றுச்சூழல் குறித்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ட்ரெக்ஸ் தன் காம்போசிட் பலகைகளில் 95 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் என்கிறது. குப்பைக்குப் போகவேண்டிய பிளாஸ்டிக் பைகள் தளமாக மாறுவது நல்லதுதான். ஆனால் மரமும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்ட பலகையை அதன் ஆயுள் முடிந்தபின் மறுபடி பயன்படுத்த எளிய வழி இல்லை. அறுக்கும்போது பறக்கிற தூளிலும் பிளாஸ்டிக் இருக்கிறது. கீழே விரிப்பு போட்டு அறுத்து, தூளை அள்ளிவிடச் சொல்லுங்கள்.

சாதாரண வீட்டுத் தளத்துக்கு என் தேர்வு, நான்கு பக்க உறையுள்ள, கெட்டியான, வெளிர் அல்லது நடுத்தர வண்ணமுடைய பாலிஎத்திலீன் காம்போசிட். ஓயாமல் ஈரமாக இருக்கிற இடத்துக்குப் பிவிசி. மிக நீளமான ஓட்டத்துக்குத் தாதுப்பொடி வகை. மரத்தைப்போல ஒவ்வொரு பலகையிலும் வரிகள் மாறிமாறி வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள், ஒரே மாதிரித் துண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், முழுப் பலகைகள் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். மலிவான வரிசைகளில் ஒரே வரி குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து, வேலை முடிந்தபின்தான் கண்ணை உறுத்தும். ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் வண்ணம் சற்று மாறக்கூடும் என்பதால், தேவையான பலகைகளோடு ஒன்றிரண்டு கூடுதலாகவும் சேர்த்து ஒரே தொகுதியிலிருந்து வாங்கி, பொருத்துவதற்கு முன் எல்லாவற்றையும் கலந்து பரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். மிஞ்சிய பலகைகளை நிழலில், சமதரையில், நெருக்கமாக முட்டுக் கொடுத்துப் படுக்கவைக்க வேண்டும். சுவரில் சாய்த்து நிறுத்தினால் அவை வளைந்து, தேவைப்படும் நாளில் பயன்படாமல் போய்விடும்.